பொதுமக்கள் கை தூக்கினார்

தேசிய ரக்பி அணிக்கு ஆள் பொறுக்குகிற கமிட்டியில் இனிமேல் பொதுமக்களில் ஒருவரும் உட்கார வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. போன வருஷம் வெளிநாடு போய் ஆடிய அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பியது. அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் போன ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒரே தாத்தா என்று எவனோ ஒரு வம்புக்காரன் பத்திரிகையில் எழுதித் தொலைத்துவிட்டான்.

கமிட்டிக்காரர்கள் பொதுமக்களைத் தேடினார்கள். தேடினால்தான் தெரிகிறது, பொதுமக்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. செயலாளரின் மச்சினன் பொதுமக்களாக வரத் தயாராக இருந்தார். ஆனால் அவர் முகம் பத்திரிகைக்காரனுக்குப் பழக்கம். கடைசியில் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் கண்ணில் பட்டார். தலைவரின் கார் பின்பக்கமாக வந்து இடித்ததில் அந்தக் கம்பம் சாய்ந்துபோயிருந்தது. அங்கே ஒரு கம்பம் இருக்கும் என்று தலைவர் எதிர்பார்க்கவில்லை. நெடுங்காலமாகத் தலைவராக இருக்கிறார், மைதானத்துக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

செயலாளர் பட்டறைக்காரரின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“உங்களுக்கு ரக்பி தெரியுமா?”

பட்டறைக்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “தெரியாதுங்க.”

“கொஞ்சம்கூட?”

“முட்டிக்குவாங்க. பந்து முட்டை மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.”

“அருமை. ஆட்டக்காரங்கள்ல சொந்தக்காரங்க யாராவது உண்டா?”

இங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். பட்டறைக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. கிரில் கேட் வியாபாரத்தில் இருப்பவருக்குப் பொய் வராமல் இருக்குமா. கேட்கிறவர் சட்டை அவ்வளவு வெள்ளையாக இருந்ததில் தடுமாறிவிட்டார்.

“எங்க அக்கா பையன் ஆடுறான். பீப்பான்னு கூப்பிடுவாங்க.”

செயலாளர் முகம் வாடும் என்று பட்டறைக்காரர் நினைத்தார். அது மலர்ந்தது.

“ரொம்ப நல்லதாப் போச்சு. சொந்தக்காரன் பேர் வந்தா எழுந்து வெளிய போயிடணும். அதுதான் எங்க விதி. வெளிய போறதுக்கு ஒருத்தனாவது இருக்கற ஆள்தான் எங்களுக்கு வேணும். யாருமே இல்லாதவர்னா கடைசி வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பார். அது எல்லாருக்கும் சங்கடம்.”

இதில் என்ன சங்கடம் என்று பட்டறைக்காரருக்கு அப்போது புரியவில்லை.

பீப்பா, கேஸ் சிலிண்டர் போடுகிற பையன். பையன் என்பது மாமனுக்குத்தான். ஆள் பீரோ மாதிரி இருப்பான். தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்றை ஆண்டவன் வைத்ததாகத் தெரியவில்லை. ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து, தோளோடு தோள் கோத்துக்கொண்டு, மாடு முட்டுகிற மாதிரி முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசை ஓரத்தில் நிற்பவன்மேல்தான் மொத்தப் பாரமும் விழும். பீப்பா அங்கே நிற்பவன். தேசிய அணியில் ஒருமுறை பெயர் வந்துவிட்டால் துறைமுகத்தில் நிரந்தர வேலை உண்டு. அதற்கும் வயது வரம்பு வைத்திருந்தார்கள். இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும், ஆயுசுக்கும் சிலிண்டர்தான்.

ஆகையால் மாமன் கமிட்டிக்குப் போகிறார் என்றதும் அக்காவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

“டேய், அங்க போய் வாயைத் திறந்துடாத. உன் வாய் உனக்கே ஆகாது. பெரிய மனுஷங்க. நாம அடக்கமா இருந்தா அவங்களாப் பாத்துப் போடுவாங்க.”

“அவங்களாப் பாத்தா அவங்க வீட்டுப் பிள்ளையத்தான் பாப்பாங்க.”

“இதத்தான் திறக்காதன்னேன்.”

பீப்பா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. “மாமா, எனக்காக ஒண்ணும் கேக்க வேணாம். மெக்கானிக்கை மட்டும் விட்டுடாதீங்க. அவன் ஓடினா பிடிக்க ஆளே கிடையாது.”

மெக்கானிக் என்பவன் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவன். பீப்பா முட்டித் தள்ளினால் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் பறப்பவன். பட்டறைக்காரர் வீட்டில் பாதி நாள் சாப்பாடு அவனுக்கு.

கமிட்டி அறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீள மேசை, குளிர் எந்திரம், கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். நாடு ஒன்றுமே ஜெயிக்கவில்லையே, இவ்வளவு கோப்பை எப்படி என்று பட்டறைக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் நடத்திய சீட்டாட்டப் போட்டியில் வென்றவை.

தலைவர், செயலாளர், பொருளாளர், எலும்பு டாக்டர் என்று நாலு பேர் மேசையில் இருந்தார்கள். பொருளாளர் தூங்கிக்கொண்டிருந்தார், தூக்கத்திலேயே ஒத்துக்கொள்ளப் பழகியவர். வாசல் ஓரம் ஒரு ஸ்டூலில், விசில் கழுத்தில் தொங்க, பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளருக்குக் கருத்து சொல்ல உரிமை உண்டாம், கேட்டால் மட்டும். இதுவரை கேட்டதில்லையாம்.

தலைவர் எழுந்து நின்றார். “பொதுமக்கள் அவர்களே, வருக,” என்றார். பட்டறைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கடைசி வரைக்கும் அவரை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள்.

“இந்த நாட்டுல ரக்பி வளர்ந்ததுக்குக் காரணம் ஆட்டக்காரங்கன்னு சில பேர் சொல்றாங்க,” என்றார் தலைவர். “வருத்தமா இருக்கு. ஆட்டக்காரன் வருவான், போவான். முழங்கால் போகும், தோள்பட்டை போகும், வயசு போகும். நான் எங்கயாவது போனேனா? இந்த நாற்காலியில உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு. அதுக்கு ஏதாவது பதக்கம் உண்டா? போன வருஷம் தோத்தோம்ங்கறாங்க. யார் தோத்தது? ஆடினவன் தோத்தான். கமிட்டி தோக்கலியே. கமிட்டியோட கூட்டம் ஒண்ணுகூட நடக்காமப் போகல.”

பொருளாளர் தூக்கத்தில் கை தட்டினார்.

பதினைந்தாம் நம்பர் ஆட்டக்காரனிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வருவது மரபு. முன்வரிசைக்காரர்கள் கடைசியில்தான் வருவார்கள். குனிந்தே நிற்கிறவன் முகம் போட்டோவில் தெரியாது என்பதால் அவர்களைப் பற்றி யாருக்கும் அவசரம் இல்லை.

பதினைந்தாம் நம்பருக்குச் செயலாளர் ஒரு பெயரைப் படித்தார். உடனே தலைவர் நெஞ்சில் கை வைத்து எழுந்தார். “என் தம்பி மகன். நான் இங்க இருக்கறது தர்மம் இல்ல,” என்று வெளியே போனார். செயலாளரும் எழுந்தார். “என் சம்சாரத்துக்கு அவன் ஒருவகையில மருமகன் முறை.” டாக்டரும் எழுந்தார். “அவன் கைக்கு நான்தான் கட்டுப் போட்டேன். ரத்த பந்தம் இல்லேன்னாலும் எலும்பு பந்தம் இருக்கு.” பொருளாளரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறையில் பட்டறைக்காரரும் பயிற்சியாளரும் மட்டும் மிஞ்சினார்கள்.

எவ்வளவு நேர்மையான மனுஷர்கள் என்று பட்டறைக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயிற்சியாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். “பொதுமக்கள் தரப்புல ஆட்சேபணை எதுவும் வந்துச்சா?” என்று கேட்டார் தலைவர்.

“எதுக்குங்க?”

“ஆட்சேபணை இல்லை. ஏகமனதாகத் தேர்வு,” என்றார் செயலாளர்.

அடுத்த நம்பருக்கும் அதே கதை. அதற்கடுத்ததற்கும் அதே. பந்தை உதைக்கிற ஆளாக ஒருவனை எடுத்தார்கள். போன வருஷம் உதைத்த ஒரு பந்துகூடக் கம்பத்துக்குள் போகவில்லை என்று பயிற்சியாளர் ஸ்டூலில் இருந்தபடி முனகினார். “அது எதிராளிகிட்டக் காட்டற பெருந்தன்மை,” என்றார் தலைவர். “கேக்காமப் பேசினதுக்கு வருத்தம் தெரிவிச்சுடுங்க.” பயிற்சியாளர் தெரிவித்தார்.

பட்டறைக்காரருக்கு டீ அதிகமாகிப்போனது. ஒரு தடவை அவர்கள் தர்மத்துக்காக வெளியே போயிருந்த நேரத்தில் இவர் அவசரத்துக்காக வெளியே போனார். கழிப்பறை, வராந்தாவின் கோடியில். போகிற வழியில் நாலு பேரும் ஜன்னலோரம் வட்டமாக நின்றிருந்தார்கள்.

“இவனை நான் விட்டுக்கொடுத்தா, பத்தாம் நம்பர் எனக்கு,” என்றார் டாக்டர்.

“பத்து ஏற்கெனவே என் தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்தாச்சு. ஒம்பது எடுத்துக்க,” என்றார் தலைவர்.

“ஒம்பதுக்கு உயரம் கம்மியா இருக்கணும்பாங்க. என் பையன் உயரம்.”

“அவனைக் கொஞ்சம் குனிஞ்சு ஆடச் சொல்லு.”

பட்டறைக்காரர் கழிப்பறைக்குப் போனார். வந்த வேலை மறந்து கொஞ்ச நேரம் நின்றார். மேசை உள்ளே இருக்கிறது, கமிட்டி வெளியே இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னை உள்ளே உட்காரவைத்தது எதற்கு என்பதும் விளங்கியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணான் தான்தான்.

திரும்பிப் போய் உட்கார்ந்தார். அடுத்த பெயரைச் செயலாளர் படித்ததும், தலைவர் நெஞ்சில் கை வைப்பதற்கு முன்னால் பட்டறைக்காரர் எழுந்துவிட்டார்.

“அந்தப் பையன் எனக்கும் சொந்தம்.”

“உங்களுக்கா? எப்படி?”

“அவங்க வீட்டு கேட்டுக்கு நான்தான் வெல்டிங் வச்சேன். எலும்பு பந்தம் மாதிரி இது இரும்பு பந்தம்.”

மறுக்க முடியவில்லை. எல்லாருமாக வராந்தாவுக்கு வந்தார்கள். வந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் தீயணைக்கிற சிவப்பு உருளையில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். டாக்டர் வெயில் அதிகம் என்றார். பொருளாளர் சுவரில் சாய்ந்து தூக்கத்தைத் தொடர்ந்தார். ஒன்றும் நடக்காமல் உள்ளே திரும்பினார்கள், பட்டறைக்காரரும் திரும்பினார். மறுபடி வெளியே போனார்கள், அவரும் போனார். ஆட்டுக்குட்டி தாயைச் சுற்றுகிற மாதிரி சுற்றினார். கடைசியில் கமிட்டி லிஃப்டுக்குள் புகுந்தது.

“நாலு பேருக்கு மேல ஏறக் கூடாது, பொதுமக்கள். போர்டு பாருங்க,” என்றார் செயலாளர். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே போனது. அப்படி ஏறி இறங்கியதில் நாலு ஆட்டக்காரர்கள் தேர்வானார்கள்.

அடுத்த தடவை பட்டறைக்காரர் முந்திக்கொண்டு லிஃப்டுக்குள் போய் நின்றுவிட்டார். இப்போது டாக்டர்தான் ஐந்தாவது ஆள். அவர் வெளியே நின்று கெஞ்சக் கெஞ்சக் கதவு மூடியது.

உள்ளே செயலாளர் பெருமூச்சு விட்டார். “சரி. உங்களுக்கு என்ன வேணும்?”

“எங்க பீப்பா.”

“இவ்வளவுதானா? இத முதல்லயே சொல்லக் கூடாதா? எத்தன தடவ மாடி இறங்கிட்டோம்.” தலைவர் அவர் தோளில் கை போட்டார். “முன்வரிசை முழுக்க எங்க யாருக்கும் வேணாம். எங்க வீட்டுப் பசங்களுக்குக் கழுத்து முக்கியம். உங்க பையனை வச்சுக்கங்க. ஓரத்துல ஓடற இடம் ஒண்ணு இன்னும் முடிவாகாம நிக்குது, அதுக்கு மட்டும் நீங்க எங்களோட கை தூக்கிடணும்.”

“அந்த இடத்துக்கு யாரு?”

“என் மாப்பிள்ளை. அவர்கிட்ட ஒரு வேன் இருக்கு.”

“ஓடுவாரா?”

“வேன் ஓடும்.”

அந்த இடத்துக்குப் போட்டியில் இருந்த இன்னொரு பெயர் மெக்கானிக். பட்டறைக்காரர் லிஃப்டின் இரும்புச் சுவரைப் பார்த்தார். வெல்டிங் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. துறைமுகம் ஞாபகம் வந்தது. லிஃப்ட் மேலே வந்து கதவு திறந்தது.

மேசையில் செயலாளர் இரண்டு பெயர்களையும் படித்தார். பயிற்சியாளர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். “ஐயா, அந்த மெக்கானிக் பையன் இந்த நாட்டுலயே வேகமான ஆளு. கேக்காமப் பேசறேன், வருத்தமும் தெரிவிச்சுக்கறேன்.”

“வேகம்தான் அவன்கிட்டப் பிரச்சினை,” என்றார் தலைவர். “ஒருத்தன் மட்டும் முன்னாடி ஓடிட்டா அது எப்படி அணி ஆகும்? நம்ம பசங்க எல்லாரும் ஒரே வேகத்துல பின்னாடி இருப்பாங்க. அதுதான் ஒற்றுமை. ரெண்டு பேர் இருந்தா வாக்கெடுப்பு, அதுக்கு யாரும் வெளிய போக வேண்டியதில்ல. மாப்பிள்ளைக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்கலாம்.”

நாலு கை உயர்ந்தது. பட்டறைக்காரர் வலது கையைப் பார்த்தார். கம்பி சுட்ட வடு நிறைந்த கை. அதுவும் உயர்ந்தது.

“பொதுமக்களும் ஆதரவு,” என்றார் தலைவர். பயிற்சியாளர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

சாயங்காலம் முன்வரிசை வந்தது. செயலாளர் ‘பீப்பா’ என்று படித்தார். பட்டறைக்காரர் நிம்மதியாக எழுந்தார். நெஞ்சில் கைகூட வைத்தார். “என் அக்கா மகன். நான் இங்க இருக்கறது தர்மம் இல்ல.”

“ஆஹா,” என்றார் தலைவர்.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். வராந்தாவில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இத்தனை பேர் சொந்தக்காரனுக்காக வெளியே வந்தார்களே, ஒருவராவது தனியாக வந்தாரா? கூட்டமாக வந்தால் அது கமிட்டி. தனியாக வந்தால் அது பொதுமக்கள். கதவைத் தட்டலாமா என்று யோசிப்பதற்குள் அது திறந்தது.

“வாங்க, வாங்க. முடிஞ்சுது,” என்றார் செயலாளர்.

பீப்பா இல்லை. அவன் இடத்துக்கு, இனிமேல்தான் கட்டுப் போட வேண்டிய வேறொரு எலும்பு பந்தத்தை டாக்டர் கண்டுபிடித்திருந்தார்.

“லிஃப்ட்ல சொன்னீங்களேய்யா,” என்றார் பட்டறைக்காரர்.

“லிஃப்ட்ல கமிட்டி கூடறது விதியிலயே கிடையாது,” என்றார் செயலாளர்.

“உங்க பையன் மேல குறை இல்ல,” என்றார் டாக்டர். “கழுத்து இல்ல, அவ்வளவுதான். பாஸ்போர்ட் படத்துல கழுத்து தெரியணும்.”

“கழுத்து இருந்தா அவனை எதுக்கு அங்க நிறுத்துவாங்க?”

தலைவர் எழுந்து வந்து பட்டறைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. “நீங்க வருத்தப்படக் கூடாது. நான் உள்ளதச் சொல்றேன். பதினஞ்சு பேரும் எடுத்தாச்சு. பூராவும் நம்ம பசங்க. நாளைக்கு அந்தப் பத்திரிகைக்காரன் கேப்பான். சொந்தம்ங்கறதுக்காக ஒருத்தனையாவது தள்ளினாத்தானே இந்த அணி சுத்தம்னு சொல்ல முடியும்? எங்க பசங்கள்ல யாரைத் தள்ளறது? பெத்த மனசு கேக்குமா? உங்க பையன் எங்க எல்லாருக்காகவும் வெளிய போயிருக்கான். தியாகி.”

அடுத்த நாள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். கேமராக்களுக்கு முன்னால் பட்டறைக்காரரை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். “சொந்த அக்கா மகன்னும் பாக்காமத் தள்ளின கமிட்டி இது. இதோ அந்த மாமா,” என்றார் தலைவர். ஒரே தாத்தா என்று எழுதிய வம்புக்காரன்கூடத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினான்.

பட்டறைக்காரர் மைக்கை இழுத்தார். அக்கா திறக்காதே என்ற வாயைத் திறந்தார். வராந்தாவைச் சொன்னார். லிஃப்டைச் சொன்னார். வேனைச் சொன்னார். “இவனுங்க திருட்டுப் பசங்க. நானும் கை தூக்கினேன். நல்லா ஓடற ஒரு பையனுக்கு எதிரா, எங்க வீட்டுப் பையனுக்காகத் தூக்கினேன். என்னையும் சேத்து எழுதிக்கங்க,” என்றார்.

தலைவர்தான் முதலில் கை தட்டினார்.

“பாத்தீங்களா? கமிட்டியத் திருடன்னு கமிட்டி மேடையிலயே, கமிட்டி மைக்குலயே சொல்ல விடற கமிட்டி வேற எந்த விளையாட்டுல இருக்கு? இதுதான் வெளிப்படைத்தன்மை. அடுத்த வருஷமும் பொதுமக்கள் இவர்தான்.”

எல்லாரும் தட்டினார்கள். பொருளாளர் விழித்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். பிஸ்கட் வந்தது.

பட்டறைக்காரர் பொன்னாடையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு கேஸ் கோடவுனுக்கு நடந்தார். பீப்பா லாரியில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தான். மாமனைப் பார்த்தான், வேலையை நிறுத்தவில்லை.

“டிவில பாத்தியா?”

“பாத்தேன்.”

“எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டேன்டா. ஒருத்தனுக்கும் உறைக்கல.”

பீப்பா ஒரு சிலிண்டரை உருட்டி நிறுத்தினான். “மெக்கானிக்குக்கு எதிராத்தான் கை தூக்கினீங்களா, மாமா?”

“உனக்காகத்தான்டா.”

“அவங்களும் அவங்க பசங்களுக்காகத்தானே தூக்கினாங்க.”

மாமன் கீழே நின்ற ஒரு சிலிண்டரைப் பீப்பா பக்கம் உருட்டினார்.

“அவனும் பாத்தானா?” என்றார்.

“ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் பாத்தோம்.” பீப்பா கடைசிச் சிலிண்டரை ஏற்றிவிட்டு, லாரியின் பின்கதவைத் தூக்கிக் கொக்கி போட்டான். “கொஞ்சம் நகருங்க மாமா. வண்டி எடுக்கணும்.”